அழிய மறுத்த போட்டோக்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரும் டிஜிட்டல் கேமராவும் நம் நடுத்தரக் குடும்பங்களுக்குள் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வந்து சேர்ந்தன. விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளியானது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள், வீட்டிலும் பிரவுசிங் சென்டரிலும் டி.டி.பி. கடையிலும் எந்தத் திரையைத் திறந்தாலும் அந்தப் பச்சைப் புல்மேடும் நீல வானமும்தான். ஃபிலிம் ரோலின் 36 படங்களுக்குள் அடக்கி, எல்லோரையும் நிற்க வைத்து, யோசித்து யோசித்துக் கிளிக் செய்த வீடுகள் அந்த ஆண்டுகளில் ஒரே காதுகுத்துக்கு நூற்றுக்கணக்கில் படம் எடுக்கத் தொடங்கின. கல்யாண ஸ்டூடியோக்காரர் ஆல்பத்தோடு சி.டி.யும் கொடுத்தார். ஊருக்கு வந்த உறவினர் தம் கேமராவில் இருந்ததையெல்லாம் டி டிரைவில் கொட்டிவிட்டுப் போனார். கண் மூடியவை, கை ஆடியவை, விரல் மறைத்தவை, ஒரே படத்தின் நான்கு பிரதிகள் என்று 40 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் வேகமாக நிரம்பியது. வேண்டாததை அழிக்கலாம் என்று உட்கார்ந்தால், சில போட்டோக்கள் அழியவே மாட்டேன் என்றன. அந்தக் காலத்தில் பொதுவாகப் பேசப்பட்ட கம்ப்யூட்டர் தொல்லைகளில் இதுவும் ஒன்று. இன்று நினைத்துப் பார்க்கையில் எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. அழிக்க மாட்டேன் என்று கம்ப்யூட்டர் சொன்னபோது அது பெரும்பாலும் உண்மையைத்தான் சொன்னது; அழித்துவிட்டேன் என்று சொன்னபோதுதான் நாம் அதைச் சந்தேகித்திருக்க வேண்டும். நாம் செய்தது நேர்மாறு. மறுப்போடு மல்லுக்கு நின்றோம், சம்மதத்தை அப்படியே நம்பினோம்.

முதலில் அந்த மறுப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு போட்டோவைத் தேர்ந்தெடுத்து டெலீட்டை அழுத்தினால், சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்ட சிறு பெட்டி ஒன்று திரையின் நடுவில் வரும். இந்த ஃபைலை அழிக்க முடியாது, வேறொரு நபரோ வேறொரு புரோகிராமோ இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது, அந்தப் புரோகிராமை மூடிவிட்டு மறுபடி முயலவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கீழே ஓகே என்ற ஒரே பொத்தான். வீட்டில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் இருப்பது ஒருவர். இதில் இன்னொரு நபர் எங்கிருந்து வந்தார்? வைரஸ் என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம். உண்மையில் அந்த ‘வேறொரு புரோகிராம்’ பல நேரங்களில் அவர்கள் கண்ணெதிரே திறந்திருந்த ஃபோல்டர் ஜன்னல்தான். எக்ஸ்ப்ளோரர் என்ற அந்த ஜன்னலும் ஒரு புரோகிராமே. படங்களைச் சிறு சிறு கட்டங்களாகக் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபைலையும் அது திறந்து, படித்து, சுருக்கி, பிறகு மூட வேண்டும். மூடுவதற்குள் அழிக்கச் சொன்னால் மறுக்கும். அழிக்கச் சொல்கிறவருக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறவருக்கும் இடையில் விண்டோஸ் நடுவராக நின்றது. ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போதே, நான் படிக்கிறவரை யாரும் அழிக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளலாம். அப்படிக் கேட்டவருக்குக் கொடுத்த வாக்கை அது காப்பாற்றியது. பார்வையை லிஸ்ட் அல்லது டீட்டெயில்ஸ் என்று மாற்றி, கொஞ்சம் பொறுத்து அழுத்தினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

கேமராக்கள் எடுத்த சின்னச் சின்ன வீடியோத் துண்டுகள் இன்னும் படுத்தின. பாதியில் அறுந்துபோன ஏ.வி.ஐ. ஃபைல் ஒன்று ஃபோல்டருக்குள் இருந்தால், அதன் நீளம் என்ன, அளவு என்ன என்று கண்டுபிடிக்க எக்ஸ்ப்ளோரர் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், விடவே விடாது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் அடுத்த முறை அதே கதைதான். காரணம் அந்த ஃபைலிலேயே இருந்ததால் மறுபடி தொடங்குவதில் பலன் இல்லை. கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, எக்ஸ்ப்ளோரரை டாஸ்க் மேனேஜரில் நிறுத்திவிட்டு, டெல் என்ற கட்டளையைத் தட்டச்சு செய்தால் போய்விடும். தெரிந்தவர்கள் இதை மந்திரம்போலச் செய்து காட்டுவார்கள். அதில் மந்திரம் எதுவும் கிடையாது. பிடித்திருந்த கை எது என்று கண்டுபிடித்து, அதை விடச் செய்தார்கள், அவ்வளவே. இன்னொரு மறுப்பும் உண்டு. ஃபோல்டரையே ஒட்டுமொத்தமாக அழித்தால், தம்ஸ் டிபி என்ற ஃபைலிடம் வந்து நின்றுவிடும். இது சிஸ்டம் ஃபைல், அழித்தால் கம்ப்யூட்டரோ ஏதாவது புரோகிராமோ சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்ற எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து, வேண்டாம் என்று பின்வாங்கியவர்கள் உண்டு. அந்த ஃபைலைத் தாராளமாக அழிக்கலாம். ஆனால் அது என்ன என்பதுதான் முக்கியம், பின்னால் அதற்கு வருகிறேன்.

‘அக்சஸ் டினைட்’ என்ற மறுப்பு வேறு வகை, என் கணிப்பில் நியாயம் மிகுந்த வகையும் அதுதான். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் மெதுவானால் சர்வீஸ் செய்கிறவரைக் கூப்பிடுவது, அவர் சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுப்பது என்பது மழைக்காலம் வருவதுபோல வழக்கமான ஒன்று. டி டிரைவில் இருந்த போட்டோக்கள் அப்படியே இருக்கும். பழைய பெயரிலேயே, அப்பா என்றோ ஹோம் என்றோ, ஒரு புதுக் கணக்கும் தொடங்கப்படும். பெயர் அதேதான், ஆனாலும் பழைய ஃபோல்டர் சில சமயம் உள்ளே விடாது, அழிக்கவும் விடாது. என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்த டிஸ்க், ஃபைலின் உரிமையாளரைப் பெயரால் குறித்து வைப்பதில்லை. நீளமான ஓர் அடையாள எண்ணால் குறிக்கிறது. விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது அந்த எண் மாறிவிடும். எனவே டிஸ்க்கின் கண்ணுக்கு, எதிரே இருப்பவர் அதே பெயர் கொண்ட அந்நியர். ஃபோல்டரைத் தனிப்பட்டதாக்கு என்ற வசதியைப் பழைய விண்டோஸில் டிக் செய்து வைத்தவர்களுக்கு இது நடந்தது. உரிமையை மாற்றி எடுத்துக்கொள்ள வழி இருந்தது. ஆனால் எக்ஸ்பி ஹோம் பதிப்பில் அதற்கான செக்யூரிட்டி என்ற பக்கம், எஃப் 8-ஐ அழுத்தி சேஃப் மோடில் நுழைந்தால் மட்டுமே கண்ணில் படும். வழியை இவ்வளவு ஒளித்து வைத்தது தவறு. மறுத்தது தவறு இல்லை. தனிப்பட்டது என்று வீட்டுக்காரர் சொன்ன ஒன்றை, வேறு எண்ணோடு வந்தவரிடம் கொடுக்க மாட்டேன் என்றது அது.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டிய மறுப்பு, ஃபைல் சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்பது. இதைப் பார்த்த பலரும் அந்த ஒரு போட்டோவை எப்படியாவது தொலைப்பதிலேயே குறியாக இருந்தார்கள். செக் டிஸ்க்கை ஓட்டுவார்கள். அது துண்டு துண்டாகக் கிடந்ததைத் திரட்டி, ஃபவுண்ட் என்று தொடங்கும் ஒரு மறைவான ஃபோல்டரில், பெயரும் இல்லாமல் வகையும் தெரியாமல் சி.எச்.கே. என்ற வால் ஒட்டிய ஃபைல்களாகப் போட்டு வைக்கும். அழியாத அந்தப் போட்டோ ஒரு செய்தி சொல்லிக்கொண்டிருந்தது: இந்த டிஸ்க்கின் நாட்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கலாம், மற்ற படங்களையாவது முதலில் வேறு இடத்துக்கு எடுத்துப் போ என்று. கரண்ட் போய், யு.பி.எஸ். கதறி, அணைக்கும் முன்பே கம்ப்யூட்டர் செத்துப்போகிற வீடுகளில் இந்தச் சிதைவு புதிதும் இல்லை. வேண்டாத ஒரு படத்தை அழிக்கப் போராடியதில் வேண்டிய படங்களுக்கான நேரம் கடந்துபோனது. கட்டாயப்படுத்தி அழித்துத் தரும் சிறு மென்பொருள்கள் அந்த ஆண்டுகளில் கைக்குக் கை மாறின. அவற்றை நான் குறைசொல்லவில்லை; ஆனால் ஏன் அழியவில்லை என்ற கேள்வியைக் கேட்காமலேயே அழிக்கும் பழக்கத்தை அவை வளர்த்தன.

சரி, சம்மதத்துக்கு வருவோம். டெலீட்டை அழுத்தினோம், படம் மறைந்தது. இடம் கிடைத்ததா என்று பார்த்தால் டிஸ்க்கில் ஒரு எம்.பி. கூடக் கூடியிருக்காது. ரீசைக்கிள் பின் என்பதை விண்டோஸ் 95 கொண்டுவந்தது. எக்ஸ்பியில் டெலீட் செய்த படம், அதே டிரைவில் ரீசைக்ளர் என்ற மறைவான ஃபோல்டருக்குள் பெயர் மாற்றி வைக்கப்பட்டது: முதலில் டி என்ற எழுத்து, அடுத்து டிரைவின் எழுத்து, பிறகு ஒரு வரிசை எண். அது எந்த இடத்திலிருந்து வந்தது என்ற விவரம் பக்கத்திலேயே இன்னொரு ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். டிரைவில் பத்தில் ஒரு பங்கு வரை இதற்கென்று ஒதுக்கியிருந்தார்கள், 40 ஜி.பி. டிஸ்க் என்றால் 4 ஜி.பி. டிஸ்க் நிறைந்துவிட்டதே என்று படங்களை அழித்த வீடுகளில், அழித்த படங்களே டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருந்தன. பென் டிரைவிலும் மெமரி கார்டிலும் இதற்கு நேர்மாறு. அங்கே ரீசைக்கிள் பின்னே கிடையாது. டெலீட் என்றால் போயே போயிற்று. ஒரே பொத்தான், ஏறக்குறைய ஒரே கேள்வி, இரண்டு இடத்தில் இரண்டு விளைவு. எது எங்கே நடக்கும் என்று வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தப் ‘போயே போயிற்று’ என்பதும் முழு உண்மை இல்லை. கேமராவின் மெமரி கார்டு ஃபேட் என்ற பழைய முறையில் அமைந்தது. அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட் அளவில் ஒரு குறிப்பு உண்டு; பெயர், தேதி, நீளம், எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதெல்லாம் அதில்தான். அழிக்கும்போது நடப்பது என்ன? பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் எழுதப்படுகிறது. அந்த ஃபைல் பிடித்திருந்த கட்டங்கள் காலி என்று அட்டவணையில் குறிக்கப்படுகின்றன. படம் இருந்த இடத்தில் யாரும் கை வைப்பதில்லை. வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, வீடு காலி என்று பதிவேட்டில் எழுதுவதைப் போல. 1991-ல் வந்த எம்.எஸ்.டாஸ் 5-இல் அன்டெலீட் என்றொரு கட்டளை இருந்தது. அழிந்த ஃபைல்களை வரிசையாகக் காட்டி, அவற்றின் முதல் எழுத்து என்னவென்று நம்மிடமே கேட்கும். குறிப்பில் அந்த ஓர் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் அதனிடம் இருந்தது! என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கிலும் சாரம் இதுவே. குறிப்பு இனி பயன்பாட்டில் இல்லை என்று ஒரு கொடி மாறும், உள்ளடக்கம் கிடக்கும். குறிப்பே முழுதும் போய்விட்டாலும் போட்டோக்களுக்கு ஒரு தனிப் பலவீனம் உண்டு. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்ற மூன்று எண்களோடு தொடங்குகிறது. ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் டிஸ்க்கை முனையிலிருந்து முனைவரை படித்து, இந்த மூன்று எண்கள் போன்ற தொடக்க அடையாளங்களைத் தேடிப் படங்களை வெளியே எடுக்க முயலும். இப்போது தம்ஸ் டிபிக்கு வருகிறேன். எக்ஸ்ப்ளோரர் காட்டிய அந்தச் சிறு கட்டப் படங்களின் சேமிப்பு அது. மூலப் படத்தை அழித்த பிறகும் அதன் சிறு உருவம் அதற்குள் தங்கிவிடும். அழிக்க மறுத்த ஃபைலுக்குள்தான், அழித்துவிட்டதாகச் சொல்லப்பட்ட படங்களின் முகங்கள் இருந்தன.

இது வெறும் தொழில்நுட்ப நுணுக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158-ஐ விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். வேலை செய்த 129-இல் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டும். மற்றவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்களும் மருத்துவ விவரங்களும் சொந்த மடல்களும் கிடைத்தன. அந்த டிஸ்க்குகளை விற்ற பலர் அழித்துவிட்டோம், ஃபார்மட் செய்துவிட்டோம் என்று நம்பித்தான் விற்றிருப்பார்கள். நம் ஊரில் கம்ப்யூட்டரைச் சர்வீஸுக்குக் கொடுப்பதும், பழையதைப் போட்டுப் புதியதை எடுப்பதும், சென்னையின் ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் பழைய டிஸ்க்குகள் கை மாறுவதும் அன்றாடம் நடந்தவை. கொடுப்பதற்கு முந்தின நாள் இரவில் வீட்டுப் பெண்களின் படங்களை, பிள்ளைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து அழித்தார்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார்கள். அதோடு நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த நிம்மதியைத் தர கம்ப்யூட்டருக்கு உரிமை இல்லை என்பது என் வாதம்.

இதற்கு வரக்கூடிய மறுப்புரைகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுத்தபோது உண்மை சொன்னது என்கிறாயே, எந்தப் புரோகிராம் பிடித்திருக்கிறது என்று சொல்லாதது என்ன உண்மை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விஸ்டாவும் விண்டோஸ் 7-உம் வந்த பிறகு, இந்த ஃபைல் இன்ன புரோகிராமில் திறந்திருக்கிறது என்று பல சமயம் பெயரோடு சொல்லத் தொடங்கின; அதை எக்ஸ்பியிலேயே செய்திருக்கலாம். ஆனால் குறையாகச் சொல்வது வேறு, பொய் சொல்வது வேறு. அப்படியானால் யூனிக்ஸ் வழியில் வந்த கம்ப்யூட்டர்கள் மறுக்காமலேயே அழிக்கின்றனவே, விண்டோஸின் பிடிவாதம் தேவைதானா என்பது அடுத்த கேள்வி. அங்கே நடப்பதைப் பார்த்தால் என் பக்கமே வலுக்கிறது. திறந்திருக்கும் ஃபைலை யூனிக்ஸில் அழித்தால் பெயர் உடனே போய்விடும். பிடித்திருக்கும் கடைசிப் புரோகிராம் விடுகிறவரை உள்ளடக்கம் டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். நிர்வாகிகளுக்கு அது வசதி. வீட்டில் இருப்பவருக்கு, மறுப்பாக வரவேண்டிய தகவல் சம்மதமாக மாறி மறைந்துவிடுகிறது.

மனத்தைத் தொடுகிற எதிர்வாதம் இன்னொன்று. அழித்தது முழுதாக அழியாததால்தானே, தவறுதலாக அழித்த கல்யாணப் படங்கள் திரும்பக் கிடைத்தன? மறைந்துபோன பெரியவர் ஒருவரின் கடைசிப் படம் மெமரி கார்டிலிருந்து மீண்டு வந்த வீடுகள் உண்டே? உண்டு. அந்தக் கருணையை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ரீசைக்கிள் பின் தருவது வெளிப்படையான கருணை: இங்கே வைத்திருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள், வேண்டாமென்றால் காலி செய் என்கிறது. காலி செய்த பிறகும் மிச்சம் இருப்பது யாருக்கும் தெரியாமல் இருப்பது. மென்பொருளும் நேரமும் உள்ளவருக்குக் கிடைக்கும், படத்துக்கு உரியவருக்கு அது இருப்பதே தெரியாது. பிழையாக அழித்தவருக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்துவிட்டு, பிறகு உண்மையாகவே துடைத்திருந்தால் இரண்டு பேருக்கும் நியாயம் கிடைத்திருக்கும். அதைச் செய்யாததற்குக் காரணம், 229 என்று ஒரு பைட் எழுதுவது நொடியில் முடியும், முழுப் படத்தையும் மேலெழுத நேரமாகும் என்பதே. வேகம் என்ற வசதிக்காக எடுத்த முடிவு அது. அதை ‘அழித்தாயிற்று’ என்று பெயரிட்டு நம்மிடம் கொடுத்தார்கள்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது என்று சொல்வோர் சொல்வதில் பாதி சரி. 2009-ல் விண்டோஸ் 7 டிரிம் என்ற கட்டளையைக் கொண்டுவந்தது. எந்தக் கட்டங்கள் இனி தேவையில்லை என்று டிஸ்க்குக்கே தெரிவித்துவிடும், எஸ்.எஸ்.டி.யும் தன் வேளையில் அவற்றைத் துடைத்துவிடும். மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அந்த அளவில் சம்மதம் உண்மைக்கு நெருங்கி வந்திருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் அதே காலத்தில் போட்டோக்கள் கிளவுடுக்குப் போய்விட்டன, பிரச்சினை தலைகீழாகிவிட்டது. ஒன்டிரைவோடு இணைந்த பிக்சர்ஸ் ஃபோல்டரில் ஒரு படத்தை அழித்தால், அது கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு பிரதியைத்தான் அழிக்கிறது என்று நினைக்கிறோம். அதே கணக்கில் இணைந்த எல்லாக் கருவிகளிலிருந்தும் அது போகிறது. கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதி எடுத்த படம் அழித்த பின் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். ஐபோன் 30 நாள் வைத்திருக்கும். அதன் பிறகு மீளாது. முன்பு சம்மதம் சொன்னதைவிடக் குறைவாகச் செய்தது, இப்போது நாம் கேட்டதைவிட அதிகமாகச் செய்கிறது. எப்படிப் பார்த்தாலும், மறுப்புப் பெட்டியைவிட அதிகக் கவனத்தோடு படிக்க வேண்டியது சம்மதப் பெட்டியைத்தான்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் நின்றுபோனது. அந்தக் கம்ப்யூட்டர்கள் இன்னும் பல வீடுகளின் பரணில், கட்டிலடியில் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எக்ஸ்பியில் முழு ஃபார்மட் கொடுத்தால்கூட அது டிஸ்க்கில் பழுது இருக்கிறதா என்று படித்துப் பார்க்குமே தவிர, இருப்பதன்மேல் எழுதாது. விஸ்டா முதல் வந்த விண்டோஸ்களில் முழு ஃபார்மட் கொடுத்தால் டிஸ்க் முழுக்கச் சுழியம் எழுதப்படுகிறது. எனவே அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் வழியாக இன்றைய கம்ப்யூட்டர் ஒன்றில் இணைத்து, வேண்டிய படங்களை முதலில் நகலெடுத்துக்கொண்டு, அவை திறக்கின்றனவா என்று ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்து, பிறகு குயிக் ஃபார்மட் என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் கொடுக்க வேண்டும். டிஸ்க்கின் அளவைப் பொறுத்துச் சில மணி நேரம்கூட ஆகும். அந்த டிக் இருந்தால் நொடிகளில் முடிந்துவிடும், படங்களும் உள்ளேயே இருக்கும்.